தரம் 7க்கு ஓடியாடும் கணித விளையாட்டு: 34 பிள்ளைகள், 80 நிமிடம், சின்ன முற்றம்

கேள்வி: மலைச்சாரல் (ஹட்டன் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். தரம் 7 கணிதத்துக்கு ஒரு டபுள் பீரியட், அதாவது 80 நிமிடம், வெளியில் வைத்து விளையாட்டாகச் செய்ய அனுமதி இருக்கிறது. பிள்ளைகள் 34 பேர். இடம் காலைக்கூட்டம் நடக்கும் சீமெந்து முற்றம், நீளம் 18 மீற்றர், அகலம் 9 மீற்றர். அதற்கு அப்பால் புல் சரிவு. பின்னங்களை ஒப்பிடுவதும் திசைகொண்ட எண்களின் (நேர், மறை எண்களின்) கூட்டலும் முடிந்த பாடங்கள். பொ.ம.சி. (பொதுமடங்குகளுட் சிறியது) அடுத்த வாரம் தொடங்கும்.

"கேள்வி கேட்பேன், முதலில் ஓடிவந்து விடை எழுதுபவருக்குப் புள்ளி" என்ற மாதிரி வேண்டாம். அதில் நாலைந்து பேர்தான் ஓடுவார்கள், மற்றவர்கள் கைதட்டிக்கொண்டு நிற்பார்கள். 34 பேரும் அசையவேண்டும், 34 பேரும் கணக்குச் செய்யவேண்டும். காசு செலவழிக்க வழியில்லை. ஒரு பிள்ளைக்குக் காலில் சுகமில்லை, ஓட முடியாது. ஜூன் மாதம் என்பதால் மழையும் வரலாம். படிப்படியாக, அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பதில்: கூடைக்கணக்கு

டீச்சர், முற்றத்தின் அகலம் 9 மீற்றர் என்பது நல்ல வசதி. ஒன்றரை மீற்றர் வீதம் ஆறு ஓடுபாதை சரியாக விழும். 34 பேரை ஆறு பேர் கொண்ட நாலு குழுவாகவும் ஐந்து பேர் கொண்ட இரண்டு குழுவாகவும் பிரியுங்கள். நாலே குழுவாக வைத்தால் வரிசையில் எட்டு ஒன்பது பேர் நிற்பார்கள், பின்னால் நிற்பவர் ஒருவரை ஒருவர் தள்ளத் தொடங்கிவிடுவார். ஆறு பேருக்கு மேல் ஒரு வரிசையில் நிற்கவிடாதீர்கள்.

விளையாட்டு இதுதான். தொடக்கக் கோட்டிலிருந்து 8 மீற்றர் தள்ளி, ஒவ்வொரு பாதையின் முடிவிலும் வெண்கட்டியால் பக்கத்துக்குப் பக்கம் மூன்று கட்டம் கீறுங்கள். ஒவ்வொன்றும் 45 சென்ரிமீற்றர் சதுரம். மூன்றும் சேர்ந்து 135 சென்ரிமீற்றர், பாதைக்குள் அடங்கும். இடது கட்டத்தில் "½ இலும் சிறியது", நடுவில் "½ க்குச் சமம்", வலதில் "½ இலும் பெரியது" என்று எழுதுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 12 அட்டை. ஒவ்வொருவராக ஓடி, ஒரு அட்டையை உரிய கட்டத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பவேண்டும்.

பின்னங்களைக் கண்டபடி தெரிவு செய்யாதீர்கள். நான் போடும் 12 பின்னங்கள்:

சிறியவை: 3/8, 4/9, 5/11, 2/5
சமமானவை: 5/10, 7/14, 9/18, 6/12
பெரியவை: 4/7, 5/9, 3/5, 7/12

இதில் 5/11 பல பேரை ஏமாற்றும். 5, 11 இரண்டும் பெரிய எண்களாகத் தெரிவதால் பின்னமும் பெரியது என்று நினைப்பார்கள். 9/18 அதே காரணத்துக்காக வலது கட்டத்துக்குப் போகும். 4/9, 5/9 இரண்டையும் சேர்த்தே வைத்தது, பகுதி (கீழ் எண்) ஒரே எண்ணாக இருக்கும்போது தொகுதியை (மேல் எண்ணை)ப் பார்க்கப் பழகட்டும் என்பதற்காக. பொதுப்பகுதி கண்டுபிடிக்க நேரமில்லாமல் ஓடும்போதுதான் "தொகுதியை இரண்டால் பெருக்கு, பகுதியோடு ஒப்பிடு" என்ற வழி பிள்ளைக்கு வாயில் வரும். 5 இன் இரண்டு மடங்கு 10, அது 11ஐவிடக் குறைவு, ஆகவே சிறியது. இந்த வழியை நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் விளையாட்டில் கணக்கு மிஞ்சாது, தபால் கொடுக்கும் வேலைதான் மிஞ்சும்.

காத்திருக்கும் நேரம்தான் கணக்குச் செய்யும் நேரம். முதலாமவர் ஓடப் புறப்பட்டதும் அடுத்தவர் மேலட்டையைத் திருப்பிப் பார்க்கலாம். போனவர் திரும்பிவர 12 முதல் 15 செக்கன் ஆகும். அதற்குள் குழுவாகப் பேசி முடிவெடுத்து, ஓடப்போகிறவர் அட்டையின் பின்பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் பென்சிலால் எழுதிக்கொள்ளவேண்டும். முடிவில் ஒவ்வொரு குழுவிலும் ஒரு அட்டையைக் கண்ணை மூடி எடுத்து, அந்த எழுத்துக்குரியவரிடம் "ஏன் இங்கே வைத்தாய்?" என்று கேளுங்கள். இது தெரிந்திருந்தால் கெட்டிக்காரப் பிள்ளை மற்றவருக்கு விளக்காமல் அனுப்பமாட்டாது.

புள்ளி போடுவதில் கவனம் வேண்டும். சரியான அட்டைக்கு +2, பிழையானதற்கு −1. கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் மூன்றில் ஒன்று சரியாகப் படும். 12 அட்டையில் 4 சரி, 8 பிழை என்றால் +8, −8, ஆகமொத்தம் 0. குருட்டு வாய்ப்புக்கு ஒன்றும் கிடைக்காத கணக்கு அது. பிழைக்குக் கழிக்காமல் விட்டால் வேகமாக எறிந்துவிட்டு ஓடிவரும் குழு முன்னால் போய்விடும். முதலில் முடித்த குழுவுக்கு 1 புள்ளி கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். திருத்துவது பக்கத்துக் குழு. கூட்டிக் கழிக்கும்போதே திசைகொண்ட எண்களும் வந்துவிடும்.

அட்டைக்கு: 22 அங்குலம் × 28 அங்குலம் பிரிஸ்டல் போர்ட் ஒன்றில் 5½ × 4 அங்குல அட்டை 28 வெட்டலாம், துண்டு மிஞ்சாது. ஆறு குழுவுக்கு 72 அட்டை, மூன்று போர்ட் போதும். மிச்சம் 12, அதாவது இன்னொரு முழுத் தொகுதி. காசில்லாவிட்டால் பழைய கலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம். மையில் கவனம்: தண்ணீர் மை மார்க்கரால் எழுதினால் பனித்தூறலிலேயே ஊறிப்போய் 3 எது 8 எது என்று தெரியாது. அழியாத மார்க்கரால் எழுதுங்கள். காற்றுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கல்.

---

பதில்: ஊவாக்காற்று

மேலே சொன்ன விளையாட்டு நல்லது. இரண்டு திருத்தம் மட்டும்.

ஒன்று, எல்லாக் குழுவுக்கும் ஒரே 12 பின்னம் என்பதால் அட்டைகளை ஒரே ஒழுங்கில் அடுக்கிக் கொடுக்காதீர்கள். பக்கத்துப் பாதையில் ஓடுபவர் எந்தக் கட்டத்துக்குக் குனிகிறார் என்று பார்த்து அதேபோல வைப்பார்கள். ஒவ்வொரு அட்டைக்கட்டையும் தனித்தனியாகக் கலக்கிக் கொடுங்கள்.

மற்றது, மூன்று கொழுந்துக் கூடையை வைத்து ஆறு குழுவும் அதற்குள்ளேயே போடுவது என்று சிலர் செய்வதுண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆறு பேர் ஒரே கூடையை நோக்கிக் குறுக்கே ஓடினால் தலையோடு தலை மோதும். சீமெந்தில் அது சின்ன விஷயமல்ல. பாதைக்குப் பாதை தனிக் கட்டமே சரி.

ஐந்து பேர் உள்ள குழுவில் இரண்டு பேர் மூன்று தடவை ஓடவேண்டிவரும் (3+3+2+2+2). யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், இல்லாவிட்டால் வேகமாக ஓடுகிறவர்களே தாங்கள்தான் என்று நிற்பார்கள்.

---

பதில்: எண்கோடு

திசைகொண்ட எண்களுக்கு ஓட்டம் வேண்டாம், நடையே போதும். அதில் கால்தான் கணக்குச் செய்கிறது, அதனால் எனக்கு இதுவே கூடப் பிடிக்கும்.

34 பேர், 17 சோடி. ஒவ்வொரு சோடியும் தனக்கென்று ஒரு எண்கோட்டை வெண்கட்டியால் கீறட்டும். −10 முதல் +10 வரை 20 இடைவெளி. அடிமட்டத்தை 20 தடவை வைத்தால் 30 சென்ரிமீற்றர் வீதம் 6 மீற்றர். உங்கள் முற்றத்தில் ஒரு முனையில் 9 கோடு, மறுமுனையில் 9 கோடு, ஒவ்வொன்றுக்கும் 1 மீற்றர் இடைவெளி விட்டால் 18 கோடு. நடுவில் 6 மீற்றர் உங்களுக்கு நடமாட மிஞ்சும்.

கோடு கீறுவதை நீங்கள் செய்துகொடுக்காதீர்கள். அதில்தான் முதல் பிழை தெரியும். சில பிள்ளைகள் இடது முனையிலிருந்து −1, −2, −3 என்று எழுதிக்கொண்டு வந்து 0க்குப் பக்கத்தில் −10ஐ வைப்பார்கள். மறை எண்ணின் அளவை மட்டும் பார்த்து இடத்தை மறந்துவிடுகிறார்கள். முதலில் நடுவில் 0ஐக் கீறி, அங்கிருந்து இருபக்கமும் எழுதச் சொன்னால் குறையும்.

0 என்பது நாம் தீர்மானிக்கும் இடம் என்பதைத் தொடங்கும்போதே சொல்ல நம் மலைகளே போதும். சிவனொளிபாதமலை 2243 மீற்றர். அதன் உச்சியை 0 என்று வைத்தால் பிதுருதலாகலை (2524 மீற்றர்) +281. நுவரெலியா நகரம் (1868 மீற்றர்) −375. நகரம் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விடவில்லை, 0ஐ நாம் உயர்த்திவிட்டோம். இரண்டு நிமிடப் பேச்சு, ஆனால் பிறகு "மறை எண் என்றால் ஒன்றுமில்லாததைவிடக் குறைவா சேர்?" என்ற கேள்வி வராது.

விளையாட்டு: ஒவ்வொரு சோடிக்கும் −5 முதல் +5 வரை, 0 இல்லாமல், 10 சின்னத் துண்டு. இரண்டு பிரதி, ஆக 20. இரண்டு துண்டு எடுத்தால் கூட்டுத்தொகை −10க்கும் +10க்கும் இடையில்தான் நிற்கும், கோட்டை விட்டு வெளியே போகாது. ஒருவர் நடப்பவர், மற்றவர் சொல்பவர். துண்டு இரண்டையும் பார்த்ததும் சொல்பவர் விடையைத் தரையில் எழுதி அதன்மேல் ஒரு கல்லை வைக்கவேண்டும். அதற்குப் பிறகே நடை. 0இல் நேர்ப்பக்கம் பார்த்து நின்று, நேர் எண்ணுக்கு முன்னால் நடக்கவேண்டும், மறை எண்ணுக்குத் திரும்பாமல் பின்னால் நடக்கவேண்டும். (−3) + (+5) என்றால் பின்னால் மூன்று, முன்னால் ஐந்து, நிற்பது +2. கல்லும் காலும் ஒரே இடமென்றால் 1 புள்ளி. வேறு வேறு இடமென்றால் யார் பிழைத்தது என்று இருவரும் கண்டுபிடித்துச் சொன்னால் 2 புள்ளி. ஆம், பிழையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் கூடிய புள்ளி. வேண்டுமென்றே பிழை விடுவார்களோ என்று பயந்தால் ஒரு சோடிக்கு மூன்று தடவை மட்டும் என்று எல்லை வையுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, நிற்கும் இடத்தையே "ஒன்று" என்று எண்ணுவது. −3இல் நின்று ஐந்து எண்ணும்போது −3ஐயும் சேர்த்தால் +1இல் போய் நிற்பார்கள். வாயால் எண்ணுவது கால் கீழே படும்போது மட்டும் என்று சொல்லுங்கள்.

கழித்தலுக்குப் போகும்போது இதே கோடு உதவும்: கழித்தல் குறிக்கு உடம்பைத் திருப்பு, மறை எண்ணுக்குப் பின்னால் நட. (−3) − (−5) என்றால் −3இல் நின்று மறைப்பக்கம் திரும்பி, ஐந்து அடி பின்னால். வந்து நிற்பது +2. இரண்டு "−" குறியும் இரண்டு வேறு வேலை செய்வது அங்கே உடம்பில் தெரியும். ஆனால் கூட்டல் மட்டுமே முடிந்திருக்கிறது என்றால் இந்த முறை இதைத் தொடாதீர்கள்.

ஓட முடியாத பிள்ளைக்கும் இது தடையில்லை. சொல்பவராக இருக்கலாம், அல்லது ஒரு கல்லைக் கம்பால் தள்ளித் தானே நகர்த்தலாம். புள்ளி எழுதும் வேலையை மட்டும் கொடுத்து ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள்.

---

பதில்: தப்பொலி

மழை வந்தால் செய்ய ஒன்று. அடுத்த வாரம் பொ.ம.சி. தொடங்குவதால் அதற்கும் இதுவே முன்னோட்டம்.

ஒரு தப்பு (தோல் பறை) வேண்டும். காமன் கூத்துக்கோ திருவிழாவுக்கோ அடிக்கும் தப்பு தோட்டத்தில் யாரிடமாவது இருக்கும். இல்லாவிட்டால் வாளியைக் கவிழ்த்து அடிக்கலாம். ஒரு பிள்ளை செக்கனுக்கு ஒன்று வீதம் சீராக அடிக்க, எல்லோரும் 1, 2, 3 என்று எண்ணுகிறார்கள். வலது பாதி வகுப்பு 4இன் மடங்குகளில் கைதட்டுகிறது. இடது பாதி 6இன் மடங்குகளில் எழுந்து உட்காருகிறது. தொடங்குமுன் ஒவ்வொருவரும் "இரண்டும் முதன்முதலாக எந்த எண்ணில் சேரும்" என்று கொப்பியில் எழுதவேண்டும்.

பலர் 24 என்று எழுதுவார்கள், 4 × 6 = 24 என்ற பழக்கத்தில். எண்ணிக்கொண்டு போகும்போது 12இலேயே கைதட்டலும் எழும்பலும் சேர்ந்து விழும். அப்போது வகுப்பே ஒரு கணம் எண்ணுவதை நிறுத்திவிடும். அந்த இடத்தில் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் 24 வரை, 36 வரை தொடர விடுங்கள். பிறகு "24உம் சரிதானே, ஏன் அதை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பொதுமடங்கு வேறு, பொதுமடங்குகளுட் சிறியது வேறு என்பதை அவர்களே சொல்வார்கள்.

வரிசை முக்கியம். முதலில் 2, 3 (6இல் சேரும்), பெருக்கினாலும் அதே விடை. அடுத்து 4, 6. பிறகு 6, 8 (24இல் சேரும், 48இல் அல்ல). கடைசியாக 5, 7. அதில் 35 வரை காத்திருக்கவேண்டும், பெருக்கமே விடை. எப்போது பெருக்கம் சரிவரும், எப்போது சரிவராது என்பதைக் கேட்க இந்த நாலும் போதும்.

கெட்டுப்போகும் இடம் இரண்டு. முதல் அடியிலேயே கைதட்டித் தொடங்கினால் எல்லாம் ஒன்றால் தள்ளிப்போய் 13இல் சேரும். முதல் அடி வெறும் "1" என்று ஒத்திகை பாருங்கள். மற்றது, உற்சாகத்தில் தப்பு வேகமெடுக்கும். வேகம் கூடினால் 6இன் பக்கம் தவறவிடும். கைக்கடிகாரத்தின் செக்கன் முள்ளைப் பார்த்து அடிக்கும் பிள்ளையைத் தெரிவு செய்யுங்கள்.

வகுப்புகளுக்கு இடையில் தட்டி மட்டும் இருக்கும் கட்டடம் என்றால் தப்பை விட்டுவிட்டு இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டச் சொல்லுங்கள். பக்கத்து வகுப்புக்குப் பாடம் நடக்கவேண்டும்.

---

மலைச்சாரல்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பின்ன ஓட்ட விளையாட்டையும் எண்கோட்டையும் ஒரே நாளில் செய்ய 80 நிமிடம் போதுமா? இன்னொன்று, ஓட்டத்தைப் பக்கத்துப் புல்வெளிக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறேன், விழுந்தாலும் அடிபடாது. புள்ளிகளுக்குத் தோட்டத்துப் பெயர்களே வைக்கலாமா? 12க்கு 12 என்றால் "முழுப்பேர்", பாதி என்றால் "அரைப்பேர்" என்று, தோட்டத்தில் முழுநாள் சம்பளத்துக்கும் அரைநாள் சம்பளத்துக்கும் சொல்வதுபோல. ½ பாடத்துக்கும் பொருந்துகிறது.

---

பதில்: ஊவாக்காற்று

அரைப்பேர் வேண்டாம் டீச்சர். கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைப்பேரோடு வீட்டுக்கு வரும் அம்மாவின் முகம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அது அவர்கள் வீட்டில் சம்பளம் வெட்டுப்படும் சொல். தோற்ற குழுவுக்கு அதைப் பட்டமாகக் கொடுத்தால் மறுநாளும் ஒட்டிக்கொண்டிருக்கும். சம்பளக் கணக்கைப் பாடமாகவே செய்ய விரும்பினால் அதற்கு வேறொரு நாள், வேறு விதம். இங்கே வெறும் எண் போதும். குழுக்களுக்கு மலைகளின் பெயர் வையுங்கள்.

புல் சரிவும் வேண்டாம். ஜூன் மாதம் உங்கள் பக்கம் தென்மேல் பருவமழை. நனைந்த புல்லில் சப்பாத்து வழுக்கும், வெண்கட்டி பிடிக்காது, இரத்தம் குடிக்கும் அட்டையும் ஏறும். சுண்ணாம்புத் தூளால் கோடு போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், காற்றுக்குக் கண்ணில் பட்டால் எரியும். சீமெந்திலேயே செய்யுங்கள். ஈரமாக இருந்தால் 8 மீற்றரை 6 ஆக்கி, "ஒரு கால் எப்போதும் தரையில்" என்ற விதியோடு வேகநடை. கணக்கு ஒன்றும் குறையாது. பாசி பிடித்த இடம் இருந்தால் முதல்நாளே ஈர்க்கு விளக்குமாற்றால் தேய்த்துவிடுங்கள்.

---

பதில்: கூடைக்கணக்கு

இரண்டும் 80 நிமிடத்துக்குள் அடங்காது. கோடு கீறவே 15 நிமிடம் போகும். பின்ன ஓட்ட விளையாட்டு மட்டும் செய்தால்: வெளியில் வந்து குழு பிரிய 8 நிமிடம், விளக்கி ஒரு பாதையில் செய்துகாட்ட 7, முதல் சுற்று 5 (12 ஓட்டம் சுமார் 3 நிமிடம், மிச்சம் குழப்பத்துக்கு), திருத்திப் புள்ளி போட 10, "ஏன்" கேட்க 12. பிறகு இரண்டாம் சுற்று, அதே கட்டங்களில் தசமம்: 0.49, 0.125, 0.50, 0.500, 0.6, 0.51 போல. 125 என்பது 5ஐவிடப் பெரிது என்று நினைத்து 0.125ஐ வலது கட்டத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் வெளிப்படுவார்கள். இரண்டாம் சுற்றுக்கும் திருத்தத்துக்கும் 20 நிமிடம். அட்டை சேகரித்து, கை கழுவி வகுப்புக்குப் போக 10. ஆக 72, மிஞ்சும் 8 நிமிடத்தை விட்டுவையுங்கள், அது எப்படியும் செலவாகும்.

இடைவேளைக்கு முந்திய பீரியட்களைக் கேட்டு வாங்குங்கள். மத்தியானத்தை நெருங்கினால் மூடுபனி இறங்கி 8 மீற்றருக்கு அப்பால் கட்டத்தில் எழுதியிருப்பது தெரியாமல் போகலாம். விசில் வேண்டாம், ஒரு சிவப்புத் துணியை உயர்த்தினால் நில், இறக்கினால் ஓடு. எண்கோட்டை அடுத்த டபுள் பீரியட்டுக்கு வையுங்கள். அன்று ஓட்டம் இல்லாததால் முற்றம் லேசாக ஈரமாக இருந்தாலும் நடத்தலாம், ஆனால் வெண்கட்டி பிடிக்க முதலில் சாக்கால் துடைத்துவிடுங்கள்.